ஜோஜோ, லக்கீஷா, சொக்கலிங்கம்

1990களின் இறுதியில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் ஒருநாள் தலையை மழித்துக்கொண்டார். கண்ணிமை முடி நீளமாக இருந்தால் இந்தியர் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் கத்தரித்தார். விஜய் என்ற பெயரை ஓரங்கட்டிவிட்டு, நடுப்பெயரான ஜோஜோவை முன்னால் கொண்டுவந்தார். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் ‘இனம்’ என்று கேட்ட இடத்தில் ‘கறுப்பர்’ என்று டிக் அடித்தார்.

அப்பா தமிழர், கட்டடக் கலைஞர்; அம்மா வங்காளி, மருத்துவர். குடும்பப் பெயர் சொக்கலிங்கம். இவருடைய தங்கையை நமக்கும் தெரியும்: அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறக்கும் மிண்டி கேலிங். மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளர்களின் வாயில் ‘சொக்கலிங்கம்’ நுழையாமல் திணறியதால், முன்னையும் பின்னையும் வெட்டிக் ‘கேலிங்’ ஆனார். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு பெயர் அறுவைச் சிகிச்சைகள்.

அண்ணனின் மதிப்பெண் சுமார்தான். அந்த மதிப்பெண்ணோடு இந்திய மாணவராகப் போனால் மருத்துவப் படிப்பு கிடைக்காது என்று அவர் கணக்குப் போட்டார். ஜோஜோவாகப் போனதும் பல கல்லூரிகள் நேர்காணலுக்கு அழைத்தன. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இடமே கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் படிப்பைப் பாதியில் விட்டார் என்பது வேறு கதை. பிற்பாடு 2016இல் இதையெல்லாம் ஒரு புத்தகமாகவே எழுதி, இனம் பார்த்து இடம் கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று ஊர் ஊராகப் பேசினார். அவருடைய மதிப்பெண் அன்றைய தகுதிக்குப் போதுமானதாகத்தான் இருந்தது, இனத்துக்கும் இடத்துக்கும் சம்பந்தமில்லை என்று கல்லூரி சொன்னது.

எனக்கு அந்தக் கதையில் கண் நின்ற இடம் வேறு. கறுப்பராக நடமாடிய அந்த நாட்களில் போலீஸ்காரர்கள் காரை நிறுத்தி விசாரித்ததையும், கடைச் சிப்பந்திகள் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். அதே மொட்டைத் தலைக்குக் கல்லூரி வாசலில் வரவேற்பு, கடை வாசலில் சந்தேகம். வாதத்துக்காகச் சொன்ன கதையின் வயிற்றுக்குள்ளேயே எதிர்வாதமும் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இந்தச் சண்டையைப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டில் ஒரு வாசலை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

விண்ணப்பமே போடாத வழக்கு

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த இரண்டில் முதலாவதான கல்லூரி வாசலைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதியதன் சாரம்: மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வழக்கில் 6-3. ஹார்வர்ட் வழக்கில் 6-2. நீதிபதி கேடாஞ்சி பிரவுன் ஜாக்சன் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழுவில் இருந்தவர் என்பதால் ஒதுங்கிக்கொண்டார். ராணுவ அகாடமிகளின் விஷயத்தை மட்டும் ஓர் அடிக்குறிப்பில் தொடாமல் விட்டார்கள். போர்க்களத்துக்கு அனுப்ப மட்டும் பன்முகம் வேண்டுமா என்று ஜாக்சன் தன் மாறுபட்ட தீர்ப்பில் குத்திக் காட்டினார்.

வழக்குத் தொடுத்தது ‘ஸ்டூடன்ட்ஸ் ஃபார் ஃபேர் அட்மிஷன்ஸ்’ என்ற அமைப்பு. அதன் மூளை எட்வர்ட் பிளம். வழக்கறிஞர் அல்ல, பங்குத் தரகராக இருந்தவர். வழக்குக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக அபிகேல் ஃபிஷர் என்ற வெள்ளை மாணவியை முன்னிறுத்தி நடத்திய வழக்கு 2016இல் தோற்றது. அதற்குள், 2014லேயே, ஆசிய மாணவர்களை முன்வைத்து ஹார்வர்ட் மீது வழக்குப் போட்டிருந்தார். 2018இல் பாஸ்டனில் மூன்று வாரம் விசாரணை நடந்தது. இடம் மறுக்கப்பட்ட ஓர் ஆசிய மாணவர்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. எல்லாம் புள்ளிவிவரம்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு பழைய பெயர் ஞாபகம் வரலாம்: செண்பகம் துரைராஜன். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யக் காரணமான வழக்கு அவருடையது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாதாருக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு பிரித்த ஆணை அது. மருத்துவக் கல்லூரியில் தனக்கு வாய்ப்பு மறுக்கப்படுகிறது என்றார் மனுதாரர். ஆனால் அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. இது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

ஒற்றுமை அதோடு சரி. இங்கே தீர்ப்பு வந்தது ஏப்ரலில். ஜூனிலேயே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை அரசுகளுக்குக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் அப்படியொரு திருத்தத்தைக் கனவிலும் நினைக்க முடியாது. அமெரிக்கச் செய்தியைப் போடும்போது நம் பத்திரிகைகள் ‘இட ஒதுக்கீடு ரத்து’ என்று தலைப்பு வைக்கும் பழக்கம் இருக்கிறது. அங்கே இட ஒதுக்கீடு 1978இலேயே செத்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி, 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென்று ஒதுக்கியிருந்தது. ஆலன் பாக்கி என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் இடம் கிடைக்காமல் நீதிமன்றம் போனார். எண்ணிக்கை வைத்து ஒதுக்குவது செல்லாது, ஆனால் வகுப்பறையில் பலதரப்பட்டவர்களும் இருப்பது கல்விக்கு நல்லது என்பதால் இனத்தை ஓர் அம்சமாகப் பார்க்கலாம் என்று நீதிபதி லூயிஸ் பவல் நடுவழி சொன்னார். அடிமைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கொடுமைகளுக்கும் ஈடுகட்டுவது என்ற பேச்சு அன்றோடு சட்டத்திலிருந்து நழுவியது. பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் என்பது போய், பக்கத்து நாற்காலியில் இருக்கும் வெள்ளை மாணவருக்கு அனுபவம் என்றாகிவிட்டது. இதுதான் இந்தக் கதையின் பெரிய வழுக்கல் என்பது என் கருத்து. நம்மூரில் இட ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவர் யாரும் ‘உங்கள் பிள்ளைக்குப் பலதரப்பட்ட சிநேகிதர்கள் கிடைப்பார்கள்’ என்று வாதாடமாட்டார்.

பவல் தன் தீர்ப்போடு ஒரு முன்மாதிரித் திட்டத்தையும் பின்னிணைப்பாகச் சேர்த்தார். எண்ணிக்கை இல்லாமல், நாசூக்காக, ஒவ்வொரு மாணவரையும் முழுதாகப் பார்க்கும் அருமையான திட்டம் என்று. அது ஹார்வர்டின் திட்டம். 45 ஆண்டு கழித்து அதே ஹார்வர்டின் கழுத்தில்தான் கத்தி இறங்கியது.

‘பெயர் மாறியிருக்கிறதா?’

ஹார்வர்ட் ‘முழுதாகப் பார்ப்பது’ எப்படி? படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று பிரித்து 1 முதல் 6 வரை மதிப்பிடுவார்கள். 1தான் உச்சம். சுமார் 40 பேர் கொண்ட குழு உட்கார்ந்து, பேசி, வாக்கெடுத்து முடிவு செய்யும். படிப்பிலும் வெளிச் செயல்பாட்டிலும் முன்னால் நின்ற ஆசிய மாணவர்கள், ‘ஆளுமை’ என்ற கட்டத்தில் மட்டும் மொத்தமாகச் சறுக்கியிருந்தார்கள். துணிச்சல், கனிவு, பழகுவதற்கு இனிமை போன்றவற்றுக்கான மதிப்பெண் அது. மாணவரை நேரில் பார்க்காதவர்களும் கோப்பைப் படித்தே போடும் மதிப்பெண்.

இந்த ‘ஆளுமை’ எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூறு வருடம் பின்னால் போக வேண்டும். 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஆகிவிட்டார்கள். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் அதற்கு ஒரு வரம்பு கட்ட நினைத்தார். வெளிப்படையாகக் கட்ட எதிர்ப்பு கிளம்பவே, மதிப்பெண்ணோடு ‘குணநலன்’ என்பதையும் பார்க்க ஆரம்பித்தார்கள். 1922 விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி புதிதாக முளைத்தது: பிறந்ததிலிருந்து உங்கள் பெயரிலோ உங்கள் தந்தையின் பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா? விளக்குக.

சொக்கலிங்கத்தின் பிள்ளைகள் அந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருப்பார்கள்!

ஆசியப் பெற்றோரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமில்லாமல் இல்லை. படிப்பில் உச்சிப் பத்து சதவீதத்தில் இருந்த ஆசிய மாணவருக்கு ஹார்வர்டில் இடம் கிடைக்கும் வாய்ப்பு 12.7 சதவீதம். கீழிருந்து நான்காவது பத்தில் இருந்த கறுப்பின மாணவருக்கு 12.8. தீர்ப்பில் ராபர்ட்ஸே எடுத்துக்காட்டிய எண்கள் இவை. இதைப் படித்துவிட்டு ‘பரவாயில்லை, நியாயம்தான்’ என்று எந்தத் தகப்பனும் சொல்லமாட்டார்.

ஆனால் மதிப்பெண்ணை மட்டுமே பார்த்துக் கொடுத்திருந்தாலும் தீர்ந்திருக்காது. 2019ஆம் ஆண்டு வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். இருந்தவை ஏறத்தாழ 1,600 இடங்கள். கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கியவர்களே மூவாயிரத்துக்கும் மேல்.

வழக்கால் வெளியே வந்த இன்னொரு கணக்கு இருக்கிறது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புள்ள ‘டீன் பட்டியல்’ ஆகியவற்றின் வழியாக உள்ளே வந்தவர்கள், இடம் பெற்ற வெள்ளை மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேல். கறுப்பர், ஆசியர், ஹிஸ்பானியர் ஒவ்வொரு பிரிவிலும் அது 16 சதவீதத்துக்கும் கீழே. அந்த வெள்ளை மாணவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தச் சலுகை இல்லாவிட்டால் இடம் கிடைத்திருக்காது. இந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவர் பீட்டர் ஆர்சிடியாகோனோ. பிளம் தரப்பில் ஹார்வர்டுக்கு எதிராகச் சாட்சி சொன்ன அதே பொருளாதாரப் பேராசிரியர். சிபாரிசு என்று நாம் பச்சையாகச் சொல்வதற்கு அங்கே ‘லெகஸி’ என்று ஒரு கௌரவமான பெயர். 2023 தீர்ப்பு அதைத் தடுக்கவில்லை. பிறகு சில மாநிலங்கள்தான் சட்டம் போட்டன. கலிஃபோர்னியா 2024இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்தே தடை விதித்தது.

நியூஜெர்சியில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. 2019இல் பெரியவள் விண்ணப்பம் நிரப்பிய இரவு நானும் அந்தச் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். ஆசியர் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது என்று யாரோ ஓர் ஆலோசகர் காசு வாங்கிக்கொண்டு சொல்லியிருந்தார். அத்தான் அதையே பிடித்துக்கொண்டார்.

“இனம்னு கேக்குற இடத்த அப்படியே விட்டுடும்மா.”

“விட்டா மட்டும்? மேல என் பேரு இருக்கேப்பா. அப்பா பேரும் இருக்கு. அம்மா பொறந்த ஊர் கும்பகோணம்னு இருக்கு.”

அத்தானிடம் பதில் இல்லை. கட்டம் காலியாகத்தான் போனது. அவளுக்கு நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்டம் காலியாக இருந்ததால்தான் கிடைத்தது என்று அத்தான் இன்றைக்கும் நம்புகிறார்.

எமிலிக்கு அழைப்பு வந்தது

இனி இரண்டாவது, சந்தேகத்தின் வாசல். வேலை கேட்டுப் போகும் இடத்திலும் அது உண்டு. அங்கே போகிறவர்களிடம் யாரும் கட்டத்தைக் காட்டி டிக் அடிக்கச் சொல்வதில்லை.

செந்தில் முல்லைநாதன் என்ற பொருளாதார அறிஞர் நம் நாட்டில் ஒரு விவசாயக் கிராமத்தில் பிறந்து, ஏழு வயதில் அமெரிக்கா போனவர். மரியான் பெர்ட்ராண்டும் அவரும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, இன்றுவரை வேலைவாய்ப்புப் பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் காகிதம். பாஸ்டன், சிகாகோ பத்திரிகைகளில் வந்த ஆள் தேவை விளம்பரங்கள் 1,300க்கும் மேல். அவற்றுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். எல்லாம் கற்பனை ஆட்கள். படிப்பையும் அனுபவத்தையும் சமப்படுத்திவிட்டு, பாதி விண்ணப்பங்களில் எமிலி, கிரெக் என்று வெள்ளைக்காரப் பெயர், மீதியில் லக்கீஷா, ஜமால் என்று கறுப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர். அப்புறம் தொலைபேசிக்காகக் காத்திருந்தார்கள்.

எமிலி வகையறாவுக்குச் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. லக்கீஷா வகையறாவுக்கு 15க்கு ஒன்று. வெள்ளைக்காரப் பெயர் ஒன்று எட்டு வருடக் கூடுதல் அனுபவத்துக்குச் சமம் என்று கணக்கு வந்தது. விண்ணப்பத்தின் தரத்தை உயர்த்தினால் எமிலிக்கு நல்ல பலன். லக்கீஷாவுக்கு அவ்வளவு இல்லை. இன்னும் படித்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிடும்: ‘எல்லோருக்கும் சம வாய்ப்பு தரும் நிறுவனம் இது’ என்று விளம்பரத்திலேயே அச்சிட்டவர்களும் மற்றவர்கள் அளவுக்கே பாகுபாடு காட்டியிருந்தார்கள்.

பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் நூற்றுச் சொச்சம் பெரிய நிறுவனங்களுக்கு 83,000 விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தார்கள். இடைவெளி ஏறக்குறைய 10 சதவீதமாக இருந்தது. ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒன்றுபோல் இல்லை. பாகுபாட்டின் பெரும்பகுதி சில நிறுவனங்களில் குவிந்துகிடந்தது. ஆள் எடுப்பதை ஒரு மையத்தில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த நிறுவனங்களில் பாகுபாடு குறைவு. எனக்கு இது ஆறுதலான செய்தி. மனித மனத்தைத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம். அலுவலக நடைமுறையைத் திருத்தினாலே கொஞ்சம் நடக்கும்.

இதே சோதனையை நம் நாட்டிலும் செய்தார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்டது. பெயரைப் பார்த்தே தலித், முஸ்லிம் என்று தெரிகிற விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டவர்களுக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது. பட்டம் போன பிறகு ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று சுற்றி வளைத்துக் கேட்கக் கற்றுக்கொண்டோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இதன் பழைய வடிவம் இன்னும் பச்சையானது. வட கரோலினாவில் டியூக் பவர் கம்பெனியின் டேன் ரிவர் மின்நிலையத்தில், கறுப்பர்களுக்குக் கூலிவேலைப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவின் உச்சச் சம்பளம், மற்ற பிரிவுகளின் அடிமட்டச் சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி நல்ல பிரிவுகளுக்குப் புதிதாகத் தேர்வுகளை வைத்தது. கேள்வித்தாளில் இனம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: நோக்கம் எதுவாக இருந்தாலும், வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வு ஓர் இனத்தையே வெளியே நிறுத்தினால் அது பாகுபாடுதான். அந்தக் கோட்பாட்டை அமல்படுத்துவதைக் கைவிடச் சொல்லி டிரம்ப் 2025 ஏப்ரலில் ஆணையிட்டார். அதற்கு முன்பே, பதவியேற்ற மறுநாள், அரசு ஒப்பந்ததாரர்கள் எல்லா இனத்தவருக்கும் வாய்ப்புத் தர முனைப்புக் காட்ட வேண்டும் என்று லிண்டன் ஜான்சன் 1965இல் போட்ட ஆணையையும் ரத்து செய்திருந்தார். வால்மார்ட், மெட்டா, மெக்டொனால்ட்ஸ் என்று கம்பெனிகள் வரிசையாகத் தங்கள் பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சுருட்டின. காஸ்ட்கோ அசையவில்லை. அந்தத் திட்டங்களை எதிர்த்து வந்த தீர்மானத்தைப் பங்குதாரர்களில் 98 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தோற்கடித்தார்கள்.

எதிர்த் தரப்பிலும் வலி இருக்கிறது, அதைக் கிண்டலாகக் கடந்துபோக முடியாது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் கறுப்பர்; யேல் சட்டக் கல்லூரியில் படித்தவர். பட்டம் வாங்கி வெளியே வந்தபோது, ‘சலுகையில் வந்தவர்’ என்ற நினைப்பில் சட்ட நிறுவனங்கள் தன்னை ஏற இறங்கப் பார்த்ததாக நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சுருட்டுப் பொட்டலத்திலிருந்து 15 சென்ட் விலைச்சீட்டைக் கிழித்து அந்தப் பட்டத்தின் சட்டகத்தில் ஒட்டிவைத்தாராம், அதன் மதிப்பு அவ்வளவுதான் என்று. 2023 தீர்ப்பில் அவர் ராபர்ட்ஸ் பக்கம். அவரைச் சந்தேகித்த நிறுவனங்கள் லக்கீஷாவின் விண்ணப்பத்தை என்ன செய்திருக்கும் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு

அடுத்த ஆண்டு கல்லூரிகள் எண்களை வெளியிட்டன. எம்.ஐ.டி.யில் கறுப்பின மாணவர் பங்கு, முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13 சதவீதத்திலிருந்து 5க்கு விழுந்தது. ஆசியர் 47க்கு ஏறினார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கறுப்பர் 11லிருந்து 3. பிளம் சொன்னபடியே நடக்கிறது என்று முடிவுகட்டுவதற்குள் யேலின் எண்கள் வந்தன: கறுப்பர் மாறாமல் 14 சதவீதம், ஆசியர் 30லிருந்து 24க்குக் குறைவு. பிரின்ஸ்டனிலும் ஆசியர் சற்று இறங்கினார்கள். ஹார்வர்டில் கறுப்பர் 18லிருந்து 14, அடுத்த ஆண்டு 11.5. அங்கே இன்னொரு எண்ணும் மாறியது: இனத்தைச் சொல்ல விரும்பாதவர்கள் 4 சதவீதத்திலிருந்து 8 ஆனார்கள். அத்தானைப் போன்றவர்கள் பெருகிவிட்டார்கள்.

தீர்ப்பில் ராபர்ட்ஸ் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். இனத்தைக் கட்டத்தில் டிக் அடித்து மதிப்பெண் வாங்கக் கூடாது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால், அந்த அனுபவத்தைக் கல்லூரி பரிசீலிக்கலாம். விளைவு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் காயத்தைத் தேடிக் கண்டுபிடித்து 650 வார்த்தைக்குள் எழுத வேண்டியிருக்கிறது.

2024 இலையுதிர் காலத்தில் அக்காவின் சின்னவளுடைய முறை. பொது விண்ணப்பத்தில் கட்டம் இன்னும் இருந்தது. டிக் அடித்தாலும் கல்லூரி அதைப் பார்க்காமல் மறைத்துக்கொள்ள வசதி செய்துவிட்டார்கள். அத்தானுக்கு இந்தமுறை நிம்மதி. அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“மாமா, இங்க ‘பிரிஃபர்டு நேம்’னு ஒரு எடம் இருக்கு. ஸ்கூல்ல கூப்புடுறத எழுதவா?”

அவளுக்குத் தாத்தா வைத்த பெயரில் ஒரு ழகரம் உண்டு, ஒரு ணகரமும் உண்டு. பள்ளியில் முதல் வாரத்திலேயே அதை இரண்டெழுத்தாக்கிவிட்டார்கள். கட்டுரைக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயமும் அதுதான்: ஆசிரியர் ஒவ்வொரு செப்டம்பரிலும் வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு வரும்போது ஒரு நொடி நிறுத்துவது. நன்றாகவே எழுதியிருந்தாள்.

“கட்டுரைல முழுப் பேரையும் எழுதிட்டு இங்க சின்னப் பேரைப் போட்டா ஒருமாதிரி இருக்காது?” என்றாள்.

அத்தான் அடுப்படியிலிருந்து சொன்னார்: “சின்னதையே போடும்மா. நாளைக்கு வேலைக்குப் போறப்பவும் அதுதான் வசதி.”

அவள் எதையும் எழுதவில்லை. அந்த இடம் கட்டாயமில்லை என்று திரையில் இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.